படகு போகாவிட்டாலும் குற்றம் குற்றமே



"படகே கிளம்பல்ல சேர். ஒருத்தரும் போகல்ல. அப்ப நான் என்ன குற்றம் செஞ்சேன்?" என்று லயத்துப் பையன் ஒருவன் கேட்டான். மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகில் அனுப்புவதாகச் சொன்ன ஒரு தரகருக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க அவன் ஒப்புக்கொண்டிருந்தான். தலைக்கு இவ்வளவு என்று பேச்சு. மூன்று வீடுகளில் போய்ப் பேசினான். ஒருவரும் இணங்கவில்லை.

காரியம் நடந்தால்தான் குற்றம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் செய்யும்படி ஒருவரைத் தூண்டுவதும், அதற்காகச் சதியில் சேர்வதும், தெரிந்தே உதவுவதும் உடந்தை என்கிறது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அந்தக் குற்றம் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவரைக் கொல்லும்படி இன்னொருவரைத் தூண்டுகிறார், அவர் மறுத்துவிடுகிறார், அப்போதும் தூண்டியவர் குற்றவாளியே.

ஆட்களை அனுப்பும் விடயத்தில் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் இருக்கிறது. சட்டவிரோதமாக ஆட்களை நாட்டைவிட்டு அனுப்ப ஏற்பாடு செய்வது மட்டுமல்ல, அதற்கு முயல்வதும், ஆயத்தம் செய்வதும், உடந்தையாக இருப்பதும் குற்றம். கேள்விப்பட்டதாலேயே ஒருவர் உடந்தை ஆகிவிட மாட்டார். ஆனால் தெரிந்துகொண்டே வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தால், "படகு போகல்ல" என்ற பதில் காப்பாற்றாது.

மன்னார்க் கடல் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் அரிப்புக் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் பலர் தலைமன்னாரில் கப்பலேறித் திரும்பினார்கள். 2022 மார்ச் 22ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியில் யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளிலிருந்து புறப்பட்ட 16 பேர் இராமேஸ்வரம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தைக் கைக்குழந்தையோடு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. பசிக்குத் தப்பி ஓடியவர்களை நாம் பழிக்கவில்லை. அந்தப் பசியை விலைபேசுகிறவர்களைத்தான் பழிக்கிறோம்.

அன்று கங்காணி முற்பணம் காட்டி ஆள் சேர்த்தார். இன்று தரகர் தொலைபேசியில் பேசுகிறார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நம் வாசலுக்கு வருகிறவன் நம் பிள்ளை. பொலிஸ் வந்து விசாரித்தால் மூன்று வீட்டாருக்கும் தெரிந்த பெயர் அவன் பெயர் மட்டுமே.

ஆகவே, ஆள் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பணமோ அடையாள அட்டையோ வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே சிக்கியிருந்தால் ஒளிக்காமல் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். சட்டத்தரணியின் ஆலோசனையோடு அடுத்த காரியத்தைப் பார்க்கலாம்.

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். சின்னப் பையனைப் பிடித்ததோடு கோவையை மூடாதீர்கள். படகுக்காரனையும் பணம் வாங்கியவனையும் தேடுங்கள். தோட்டத்தில் உழைத்துப் பிழைக்க முடியும் என்ற சம்பளம் இருந்தால், நம் பிள்ளைகள் இந்தத் தரகர் பேச்சுக்குக் காது கொடுக்க மாட்டார்கள். அந்தச் சம்பளத்துக்கான போராட்டத்தில் ஆள் சேருங்கள். அதற்கு வீடு வீடாகப் போகலாம், தலை நிமிர்ந்தே போகலாம்.