கோதுமையை நிறுத்தியாச்சு, சரி. கலோரிக்கு என்ன வழி?

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. உங்கள் வீட்டில் யாருக்காவது "கோதுமை ஆகாது" என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அதிலும் நீங்கள் சைவம் சாப்பிடுபவர்களாக இருந்தால், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். வயது 15. எடை 36 கிலோ. இரண்டு வருடமாக வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி. ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவே இல்லை. ரத்தத்தில் டி.டி.ஜி. ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தது. எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலில் இருந்து எடுத்த துணுக்கைப் பரிசோதித்ததில் சீலியாக் நோய் என்று உறுதியானது.

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை எதிரி என்று நினைத்து, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்குவதுதான் சீலியாக். உணவை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் சேராது. வட இந்தியாவில் சுமார் நூறில் ஒருவருக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் அதைவிட வெகு குறைவு. அதனாலேயே இங்கே பலருக்கு இது தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

"கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் வாழ்நாள் முழுக்க வேண்டாம். நம்ம ஊர்ல இட்லி, தோசை, சாதம்னு எவ்ளோ இருக்கு! உங்களுக்கு என்னம்மா கவலை?" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தேன். கூடவே இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12, வைட்டமின் டி. என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். பேதி நின்றிருந்தது. ஆன்டிபாடி நன்றாக இறங்கியிருந்தது. எடை 35.

ஒரு கிலோ குறைந்திருக்கிறது!

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் கூட சேர்ந்து பிஸ்கட், பப்ஸ் ஏதாவது சாப்பிடுறியா பாப்பா?" அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. கண் கலங்கிவிட்டது. அம்மாதான் சொன்னார், "சார், நீங்க சொன்னதத்தான் சார் செய்யறோம். ஒரு துண்டு பிரெட் கூட வீட்டுக்குள்ள வரல. அவ பிறந்தநாளுக்குக் கேக் கூட வெட்டல."

ஆன்டிபாடி இறங்கியிருப்பதே அவள் ஒழுங்காக இருந்ததற்குச் சாட்சி. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே குழந்தையைச் சந்தேகப்பட்டேன். அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "நேத்து காலைல இருந்து ராத்திரி வரை என்னென்ன சாப்பிட்ட?"

காலையில் மூணு இட்லி, தண்ணியான சாம்பார். மதியம் ஸ்கூலுக்கு ஒரு சின்ன டப்பாவில் தயிர் சாதம். சாயங்காலம் ஒரு கொய்யா, ஒரு டம்ளர் நீல பாக்கெட் பால். இரவு நான்ஸ்டிக் கல்லில் எண்ணெய் விடாமல் சுட்ட ரெண்டு தோசை, தக்காளிச் சட்னி. அவ்ளோதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இட்லியும் சாம்பாரும் 250, தயிர் சாதம் 300, கொய்யாவும் பாலும் 180, தோசை சட்னி 290. எவ்வளவு தாராளமாகக் கூட்டினாலும் 1,000 கலோரி, மிஞ்சிப் போனால் 1,100. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணை 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,400 கலோரி என்கிறது. அது சராசரி எடை உள்ள பெண்ணுக்கு. இவள் எடைக்குக் கொஞ்சம் குறையலாம். ஆனால் இழந்ததை மீட்க வேண்டிய உடம்பு இது. எப்படிப் பார்த்தாலும் பாதிதான் போகிறது.

முன்னாடி மட்டும் எப்படி ஓடியது? இரவு ரெண்டு சப்பாத்தி, சாயங்காலம் நாலு பிஸ்கட், பாலில் ஹார்லிக்ஸ், ஞாயிற்றுக்கிழமை பூரி. நான் ஒரே வரியில் நிறுத்தச் சொன்னது, தினமும் ஏறக்குறைய 500 கலோரி. அந்த இடத்தில் என்ன வைப்பது என்று நான் சொல்லவே இல்லை.

இன்னொன்றும் தெரிய வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அதனால் வீட்டில் எண்ணெய் மாதம் ஒரு லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை. தேங்காய் கிட்டத்தட்ட நிறுத்தம். நெய் கிடையாது. உருளைக்கிழங்கு கிடையாது. அவர் சாதத்தைக் குறைத்தார், எல்லோருக்கும் குறைந்தது. 48 வயதில் தொப்பையைக் குறைக்க வேண்டியவருக்குச் சமைத்ததையே, 36 கிலோ எடையுள்ள வளரும் பெண்ணும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி மட்டும் "புள்ளைக்கு ரெண்டு சொட்டு நெய் ஊத்துங்கடி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. (பாட்டியை ரொம்பவும் புகழ முடியாது. பேத்திக்குத் தெம்பு வரட்டும் என்று ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்ததும் அவர்தான். அதில் பார்லி, கோதுமை இரண்டும் இருக்கிறது.)

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். "குளூட்டனை நிறுத்துங்கள்" என்பது பாதி வைத்தியம்தான். அந்த இடத்தை எதனால் நிரப்புவது என்று சொல்லாத மருத்துவர் பாதிச் சீட்டுதான் எழுதியிருக்கிறார்.

இதற்கு வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1924ல் நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். பிரெட், உருளைக்கிழங்கு எல்லாம் கட். வாழைப்பழம் நிறைய. எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று ஹாஸ் நம்பினார். அது தப்பு. பிரெட்டோடு கோதுமையும் நின்றது, அதனால் குடல் ஆறியது. வாழைப்பழம் கலோரி கொடுத்தது, அதனால் உடம்பு தேறியது. கோதுமைதான் குற்றவாளி என்பதை வில்லெம் டிக்கே என்ற டச்சு மருத்துவர் பிறகு நிரூபித்தார். போர்க்காலப் பஞ்சத்தில் பிரெட் கிடைக்காதபோது சீலியாக் குழந்தைகள் தேறியதை அவர் கவனித்தார். 1950ல் அவருடைய ஆய்வேடு வந்தது. ஹாஸ் காரணத்தில் தோற்றாலும், நிறுத்திய இடத்தை நிரப்பியதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

சரி, அரிசிச் சாப்பாட்டில் என்ன பிரச்சினை? தண்ணீர்தான். இட்லி, சாதம், ரசம், மோர் எல்லாவற்றிலும் தண்ணீர் அதிகம். வயிறு நிறையும், கலோரி ஏறாது. 100 கிராம் சாதத்தில் 130 கலோரிதான். அதே 100 கிராம் வேர்க்கடலையில் 560க்கு மேல். எள்ளும் அப்படியே. தேங்காயில் 350. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120. சின்ன வயிறு, பசி குறைவு, அசைவமும் முட்டையும் இல்லை என்றால் சாப்பாட்டின் அளவைக் கூட்டிப் பயனில்லை. அதே தட்டில் அடர்த்தியைக் கூட்ட வேண்டும்.

நாங்கள் செய்த மாற்றம் இவ்வளவுதான். அதே மூணு இட்லி. ஆனால் பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. 250 கலோரியாக இருந்தது 440 ஆனது. பள்ளி இடைவேளைக்கு ரெண்டு கடலை மிட்டாய், அது ஒரு 200. மதியம் ரசத்துக்குப் பதில் கெட்டிப் பருப்பு சாதம், ரெண்டு ஸ்பூன் நெய், உருளைக்கிழங்கு வறுவல், கொஞ்சம் தயிர் சாதம். அங்கே 600. சாயங்காலம் ஒரு நேந்திரம் பழம், நீல பாக்கெட்டுக்குப் பதில் ஆரஞ்சு பாக்கெட் பால். நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6. இரவு அடை.

அடையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அரிசி, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, உளுந்து. நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றி முறுகலாகச் சுட்டு, மேலே வெண்ணெய், பக்கத்தில் வெல்லம். குளூட்டன் இல்லை. சைவம். தானியமும் பருப்பும் சேர்வதால் புரதமும் நிறைவானது. ரெண்டு அடை 450 கலோரியைத் தாண்டும். எந்த டயட்டீஷியன் உட்கார்ந்து யோசித்தாலும் இந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்ல இரவுச் சாப்பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது என்பேன். மெதுவடைக்கும் நான் தடை சொல்லவில்லை. டாக்டர் வடை சாப்பிடச் சொன்னார் என்று அவள் அப்பா கிளம்பிவிட வேண்டாம். அவருக்குப் பழைய சாம்பார்தான்.

மொத்தம் 2,000ஐத் தாண்டியது. ஒரே நாளில் ஏற்றவில்லை, மூணு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. புண்பட்ட குடலுக்குத் திடீரென்று நெய்யும் எண்ணெயும் போனால் மறுபடி பேதியாகும். ஆரம்பத்தில் சிலருக்குப் பாலும் சேராது. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அந்தக் குடலுறிஞ்சிகளில்தான் இருக்கிறது. குடல் ஆறினால் பெரும்பாலும் திரும்பி வரும். அதுவரை தயிர் கொடுத்துப் பாருங்கள். ரொம்பவும் மெலிந்து போனவர்களுக்கு, நடக்கவே முடியாதவர்களுக்கு, வீட்டில் இதைச் செய்யாதீர்கள். மருத்துவமனையில் ரத்த உப்புகளைப் பார்த்துக்கொண்டே உணவை ஏற்ற வேண்டும்.

"முட்டையாவது சாப்பிடக் கூடாதா?" என்று நம்மில் பல மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. ஒருமுறை கேட்கலாம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். கோதுமையை இழந்த குழந்தையிடம் வீட்டுப் பழக்கத்தையும் விடு என்றால், அவள் சாப்பாட்டையே வெறுத்துவிடுவாள்.

கோதுமை ஒளிந்து வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். லேபிளைப் பாருங்கள். கடையில் வாங்கும் சத்துமாவிலும் கோதுமை, பார்லி இருக்கலாம். கேழ்வரகு, கம்பு, தினை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை வாங்கி வீட்டிலேயே மிக்ஸியில் அரையுங்கள். ஏன் மிக்ஸி? மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். அதே இயந்திரத்தில் அரைத்த அரிசி மாவு இவர்களுக்கு ஆகாது. ஹோட்டலில் பரோட்டா போட்ட கல்லில் ஊற்றும் தோசையும் அப்படியே. கோயில் பிரசாதத்தில் கேசரி வேண்டாம். புளியோதரை என்றால் என்ன பெருங்காயம் போட்டார்கள் என்று கேட்க முடியாது, அதனால் அதையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறேன். சாதா ஓட்ஸும் கோதுமையோடு கலந்து வர வாய்ப்புண்டு.

குளூட்டன் இல்லாத பிஸ்கட், பிரெட் என்று யானை விலையில் விற்கிறார்களே? கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் குளூட்டன் இருந்தால்தான் இங்கே அந்த லேபிளைப் போடலாம். அந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் உள்ளே பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். பிறந்தநாளுக்கு வாங்கலாம். தினசரிக்கு எள்ளுருண்டையும் தட்டையும் போதும்.

எடை குறைக்க, ஃபேஷனுக்காகக் கோதுமையை விட நினைப்பவர்களுக்கு இந்த த்ரெட் அல்ல. சீலியாக் இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒன்று: பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட் பொய்யாக நார்மல் என்று வரலாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையா? ஒளிந்திருக்கும் கோதுமையைத் தேடுங்கள். தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் சீலியாக்கோடு சேர்ந்து வருவதுண்டு.

அந்தப் பெண் போன வாரம் வந்திருந்தாள். சாப்பாட்டை மாற்றி நாலு மாதம். எடை 40. ஹீமோகுளோபின் 11. கடலை மிட்டாய் பல்லில் ஒட்டுது என்று புகார். எள்ளுருண்டைக்கு மாறச் சொன்னேன். அடை வாரத்துக்கு நாலு நாள் போரடிக்குதாம். அதற்கு அவள் அம்மா பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டாள், "சார், பன்னெண்டாவது முடிச்சப்புறம் ஒரே ஒரு பரோட்டா?"

கிடையாது பாப்பா என்று சொல்லிவிட்டேன்.