பத்துப் பேர் சட்டசபையா?

சட்டம் செய்வது ஒருவர், அதை நடத்துவது ஒருவர், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது ஒருவர் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதன் தத்துவம் என்ன? எல்லாம் ஒரே கையில் இருந்தால் அந்தக் கையைப் பிடித்துக் கேட்க ஆளிராது என்பதுதானேயொழிய வேறல்ல.

ஆனால் சட்டசபை எல்லாவற்றையும் எழுதிவிட முடிவதில்லை. கட்டடத்தின் படிக்கட்டு எவ்வளவு அகலம், எந்த வைத்தியன் எப்படி நடக்கவேண்டும் என்பவைகளையெல்லாம் இலாகாக்களிடம் விட்டுவிடுகிறது. இலாகா செய்யும் விதியும் நம்மைச் சட்டத்தைப் போலவே கட்டுப்படுத்தும். அதை மீறினாலும் தண்டனைதான். ஆனால் அவ்விதியை எழுதிய உத்தியோகஸ்தரோ நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவரல்ல. ஆகவே அவரை அடக்க ஒரு வழி வேண்டியதுதான். அந்த வழி யோக்கியமான வழியா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். விஸ்கான்சின் மாகாணத்தில் இரு சபைகளிலிருந்தும் ஐந்தைந்து பேராகப் பத்துப் பேர் கொண்ட ஒரு கமிட்டி உண்டு. இலாகா செய்த விதியைத் தடுக்கவோ நிறுத்தி வைக்கவோ இதற்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். ஒருபால் விருப்பமுடையவர்களை மாற்றிவிடுகிறோம் என்று சொல்லிச் செய்யும் மனோவைத்தியம் தொழில் ஒழுங்குக்கு விரோதம் என்று 2020ல் அங்கு ஒரு விதி வந்தது. கமிட்டி அதை நிறுத்திற்று. காலம் முடிந்து விதி உயிர்பெற்றவுடன், 2023ல் மறுபடியும் நிறுத்திற்று. விதி கூடாது என்று இரு சபைகளும் சட்டம் செய்தனவா? இல்லை. கவர்னர் கையெழுத்திட்டாரா? அதுவும் இல்லை. கமிட்டியின் கை மட்டும் உயர்ந்தது, காரியம் முடிந்தது! 2025 ஜூலையில் அம்மாகாண சுப்ரீம் கோர்ட், ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒன்றுகூடி, இவ்வதிகாரம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஜனங்களின் உரிமையையும் கடமையையும் மாற்றுகிற காரியம் சட்டமே. ஆதலால் அது சட்டம் செய்யும் வழியிலேயே வரவேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இது புது நியாயமல்ல. 1983லேயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட், மத்திய சர்க்கார் விஷயத்தில் ஜகதீஷ் ராய் சத்தா என்பவரின் வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. அவர் கென்யாவில் பிறந்த இந்திய வம்சத்தார். படிக்கச் சென்றவருக்குத் தவணை முடிந்தும், அவரை நாடுகடத்த வேண்டாமென்று விசாரித்த அதிகாரி முடிவு செய்தார். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை தான் ஒன்றாகவே அம்முடிவை ரத்துச் செய்தது. தீர்மானம் அச்சாகி மெம்பர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. விவாதமில்லை. யார் எப்படி ஓட்டுச் செய்தார் என்ற கணக்குமில்லை. தோழர்களே! ஒரு மனிதன் வாழ்வதா வெளியேறுவதா என்பதை இப்படியா தீர்ப்பது?

“கமிட்டியின் கையைக் கட்டிவிட்டால் உத்தியோகஸ்தர் கையை யார் கட்டுவது? கவர்னர் இலாகாக்களின் தலைவர். எதிர்த்துச் சட்டம் செய்தால் அவரே மறுத்துவிடுவாரே?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்தது யார்? சட்டசபையே அல்லவா? அதிகாரம் கொடுக்கும்போதே எல்லையைத் தெளிவாக எழுதட்டும். விதி செய்யுமுன் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டுமென்று கட்டளையிடட்டும். எல்லையைத் தாண்டினால் கோர்ட் இருக்கிறது.

புளோரிடாவில் 2010 முதல் வேறொரு முறை. ஐந்து வருஷத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவு வைக்கும் விதி, சட்டசபை ஒப்புக்கொண்டாலன்றி அமுலுக்கு வராது. பார்வைக்கு நல்லதுதான். ஆனால் இதில் விதியைக் கொல்ல ஒருவரும் ஓட்டுச் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். ஐடஹோ மாகாணத்தில் முன்பு விதிகளை வருஷாவருஷம் சட்டசபை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019ல் இரு சபைகளும் ஒத்துப்போகாமல் கலைந்தன. விதிகளெல்லாம் காலாவதியாகும் நிலை வந்து, கவர்னரே அவைகளைத் தற்காலிக விதிகளாக மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. அடக்கப் புறப்பட்ட நிர்வாகத்தின் கையிலேயே முழு அதிகாரமும் போய்ச் சேர்ந்தது!

நிற்க, கமிட்டியோ சபையோ ரத்துச் செய்யும் அதிகாரம் வேண்டுமென்றே ஜனங்கள் விரும்பினால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. நியூஜெர்சியில் 1982ல் கோர்ட் இத்தகைய சட்டத்தை ரத்துச் செய்தது. 1992ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தையே திருத்தி, விதிகளை ரத்துச் செய்யும் அதிகாரத்தைச் சட்டசபைக்குக் கொடுத்தார்கள். அந்த முறை நல்லதோ கெட்டதோ, கொடுத்தவர்கள் ஜனங்கள் என்பதில் ஒளிவுமறைவில்லை.

ஆகவே உத்தியோகஸ்தன் அறைக்குள் சட்டம் செய்வதும் தப்பு. பத்துப் பேர் அறைக்குள் சட்டத்தைக் கொல்வதும் தப்பு. எந்த அதிகாரமானாலும் “இதைச் செய்தது யார், எங்கே கையெழுத்திட்டார்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லையென்றால், அது மக்கள் ஆட்சியின் பெயரால் நடக்கும் மோசடி என்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.