பாவாடையை வெட்டச் சொன்னது யார்?

2008 ஜனவரியில் ‘சிவாஜி’ படத்தின் வெள்ளி விழா சென்னையில் நடந்தது. மேடையில் முதலமைச்சர் கருணாநிதி, ரஜினிகாந்த். கூடவே கதாநாயகி ஸ்ரேயா, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட வெள்ளை உடையில். அவ்வளவுதான், ஊரே அமளிப்பட்டது. தமிழ்ப் பண்பாட்டை அவமதித்துவிட்டார் என்று இந்து மக்கள் கட்சி போலீசில் புகார் கொடுத்தது. ஸ்ரேயா மன்னிப்புக் கேட்டார். பண்பாடு பிழைத்துக்கொண்டது.

அந்தப் படத்தைத் தயாரித்தது வடபழனி ஏவி.எம். 2007 ஜூனில் அது வெளிவந்தபோது ‘யு’ சான்றிதழோடு வந்தது. குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். கதையில் ஸ்ரேயாவின் பெயர் தமிழ்ச்செல்வி; பெயருக்கேற்ற அடக்க ஒடுக்கம். பாட்டு வந்தால் மட்டும் தமிழ்ச்செல்வி காணாமல் போய்விடுவாள். இடுப்பும் தொடையும் தெரிய வேறொருத்தி வந்து ஆடுவாள். அதற்காக யாரும் காவல் நிலையப் படியேறியதாகத் தெரியவில்லை. விசிலடித்துப் பார்த்த அதே உடம்பு, கேமராவுக்கு வெளியே, தான் தேர்ந்தெடுத்த உடையில் ஒரு மாலை வந்து நின்றதும் குற்றமாகிவிட்டது.

‘நடிகைகள் அரைகுறையாக உடுத்துகிறார்கள், அதனால்தான் நாடு கெடுகிறது. அந்தக் காலத்துப் படங்களில் இப்படியா?’ இந்தப் பேச்சைத் தமிழ்நாட்டில் எங்கும் கேட்கலாம். ஆற்காடு சாலை டீக்கடைகளிலும் கேட்கலாம் என்பதுதான் வேடிக்கை. சினிமாவே பிழைப்பாக இருக்கும் பேட்டை அது. ஒரு பாட்டு எப்படி எடுக்கப்படுகிறது என்று அங்கே இருப்பவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டுக்கு உடை என்ன என்பது நாயகி காலையில் பீரோவைத் திறந்து எடுத்த முடிவல்ல. இயக்குநர் சொல்லி, காஸ்ட்யூமர் தைத்து, டான்ஸ் மாஸ்டர் அசைவைப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி தையல் போட்டு இறுக்கித் தருகிற விஷயம் அது. கேமரா எந்த உயரத்தில் நிற்கும், எங்கே போய் எத்தனை நொடி தங்கும் என்பதை முடிவு செய்பவரும் நாயகி இல்லை. மழைப் பாட்டா? லாரித் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சுவார்கள். (குடத்தோடு தண்ணி லாரிக்கு வரிசை கட்டிய ஊரில் அதுவும் நடந்தது.) முழுப் புடவைதான் கட்டியிருப்பார், ஒரு அங்குலம்கூடக் குறையாது. நனைந்த புடவை என்ன செய்யும் என்று தெரிந்துதானே நனைக்கிறார்கள்? எடிட்டர் நறுக்கி, விநியோகஸ்தர் போட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகு, நம் வசவு போய்ச் சேருவது அந்தப் பெண்ணின் வீட்டு முகவரிக்கு. சமைத்தவரையும் பரிமாறச் சொன்னவரையும் விட்டுவிட்டு இலையைத் திட்டுகிற கதை.

இது என் ஊகமல்ல. 2016 டிசம்பரில் ‘கத்தி சண்டை’ படத்தின் இயக்குநர் சுராஜே ஒரு பேட்டியில் வெளிப்படையாகப் பேசினார். நாயகியின் உடை முழங்காலை மறைத்தால் வெட்டிக் குறைக்கச் சொல்வாராம். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற நடிகை கவர்ச்சியாகத்தான் வர வேண்டுமாம். நாயகி தமன்னா கொதித்துப்போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், நயன்தாராவும் கண்டித்தார், சுராஜ் மன்னிப்புக் கேட்டார். எனக்கோ அந்த மன்னிப்பைவிடப் பேட்டிதான் முக்கியம். கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்று, கையில் வைத்திருந்தவரே சொன்ன வாக்குமூலம் அது. பண்பாட்டுக் காவலர்களின் கோபம் ஸ்ரேயாமேல் பாய்ந்த வேகத்தில் அவர்மேல் பாய்ந்ததா?

சரி, அந்தக் காலத்துக்கு வருவோம். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பாகவதரின் பாட்டு மட்டுமா ஓட்டியது? தாசி ரம்பாவாக வந்த டி.ஆர். ராஜகுமாரியின் கண்ணும் சிரிப்பும் இடையும் ஓட்டின. ‘கனவுக் கன்னி’ என்று ஊரே பட்டம் கொடுத்தது. 1950இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘பொன்முடி’யின் காதல் காட்சிகளைப் பார்த்து, அமெரிக்கக்காரர் நம் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்று கூச்சல் கிளம்பியது. 1965இல் ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’ ‘ஏ’ சான்றிதழோடு வந்தது. அதன் நாயகி ஜெயலலிதாவுக்கு அப்போது 17 வயது. சட்டப்படி அவர் தன் படத்தையே தியேட்டரில் போய்ப் பார்க்க முடியாது.

பழைய படங்களைக் கண்ணியமாகக் காட்டியது ஒரு வேலைப் பிரிவினை. நாயகிக்குக் குங்குமம்; கிளப் டான்ஸ் ஆடுகிறவளுக்கு மினுமினுப்பும் தோல் நிறத் துணியும். ஜோதிலட்சுமி, ஜெயமாலினி எல்லாரும் அந்த இரண்டாவது வரிசையில் நின்றவர்கள். ரசிகருக்கு ஒரே டிக்கெட்டில் பத்தினியும் கிடைத்தாள், மற்றவளும் கிடைத்தாள். வெளியே வரும்போது பத்தினியைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

சில்க் ஸ்மிதாவை இந்த ஏற்பாடு தின்றே விட்டது. 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் பாரதிராஜா அவருக்கு ஒரு குடும்பப் பெண் வேடம் கொடுத்தார். அந்தக் கண்களில் எவ்வளவு நடிப்பு இருந்தது என்று அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மறு வருஷமே ‘மூன்றாம் பிறை’, ஏவி.எம்மின் ‘சகலகலா வல்லவன்’ என்று கவர்ச்சி நடனமே அவர் அடையாளமாகிப் போனது. விற்காமல் பெட்டியில் முடங்கிய படங்களுக்கு சில்க் பாட்டு ஒன்றைச் சேர்த்து விற்ற கதைகளைக் கோடம்பாக்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அவரால் மீண்டவர்கள் நல்ல தயாரிப்பாளர்கள் என்றே பெயரெடுத்தார்கள். ‘கவர்ச்சி நடிகை’ என்ற பெயர் அவருக்கு மட்டும் மிஞ்சியது. 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் தன் வீட்டில் இறந்து கிடந்தபோது அவருக்கு 35 வயது. அவர் வாழ்க்கையின் சாயலில் எடுத்த ‘தி டர்ட்டி பிக்சர்’ 2011இல் இந்தியில் வந்தது. அதில் நடித்த வித்யா பாலனுக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஆண்கள் சட்டை கழற்றுவதை இங்கே யாரும் ஆபாசம் என்பதில்லை. அதற்குப் பெயர் உழைப்பு. ‘வாரணம் ஆயிரம்’ வந்தபோது சூர்யாவின் வயிற்றுக் கட்டுகளை நாமும்தான் எண்ணினோம்.

நிர்வாணம் என்றாலே ஆபாசம் என்கிற பயத்தை நீதிமன்றம் எப்போதோ கடந்துவிட்டது. ‘பாண்டிட் குயின்’ வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், பூலான் தேவியை நிர்வாணமாக நடக்கவைக்கும் காட்சி காமத்தைத் தூண்டாது, அருவருப்பையும் கோபத்தையும்தான் எழுப்பும் என்று அனுமதித்தது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கிலும், ஒரு புகைப்படத்தில் நிர்வாணம் இருப்பதாலேயே அது ஆபாசமாகிவிடாது என்றது. ஆனாலும் 2019இல் ‘ஆடை’ படம் வந்தபோது, அதன் நிர்வாணக் காட்சிக்காக நாயகி அமலா பாலுக்கு எதிராகச் சென்னையில் புகார் போனது. அவர் கதையைக் கேட்டு, ஒப்புக்கொண்டு, ஆள்களைக் குறைத்துப் பூட்டிய செட்டில் நடித்த ‘ஏ’ படம் அது. இரட்டை அர்த்த வசனத்தோடு பின்னால் சுற்றி, கதாநாயகியை இடித்துக் காதலிக்கும் நாயகர்களை ‘யு’ படங்களில் ஆறு வயதுப் பையன் பார்க்கிறான். இரண்டில் எது அவனைக் கெடுக்கும்?

கோடி வாங்குகிறவர் சம்மதித்துத்தானே நடிக்கிறார் என்பார்கள். சிலர் சம்மதிக்கிறார்கள், சிலர் விரும்பியே செய்கிறார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் 2024 ஆகஸ்ட்டில் வெளியான கேரளத்து நீதிபதி ஹேமா குழு அறிக்கையைப் படித்தவர்கள், இந்தத் தொழிலில் சம்மதம் என்பது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவார்கள். கொஞ்சம்தான் என்று சொல்லிக் கூட்டிவந்து, படப்பிடிப்பில் அதிகம் கேட்ட கதை அதில் இருக்கிறது. உடை மாற்ற இடமில்லாமல், கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அறிக்கை மலையாளப் படவுலகைப் பற்றியது. பின்வரிசையில் ஆடும் தினக்கூலிப் பெண், உடை சின்னதாக இருக்கிறது என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர, வடபழனியில் மட்டும் முடியுமா?

அதே வருஷம் செப்டம்பரில் இங்கே நடிகர் சங்கம் கூடி, பாலியல் புகார் நிரூபணமானால் ஐந்து ஆண்டு தடை என்று முடிவெடுத்தது. நல்லது. அடுத்து உடையையும் நெருக்கக் காட்சியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லட்டும். எழுதாததைத் தளத்தில் கேட்கக் கூடாது; எடுத்ததைக் காட்டாமல் வெளியிடக் கூடாது; துணை நடிகைக்கும் நடனப் பெண்ணுக்கும் அது பொருந்த வேண்டும்.

கலாச்சாரக் காவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புகார் மனு எழுதும்போது நடிகையின் பெயரை விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர், இயக்குநர், நடன இயக்குநர், ஒளிப்பதிவாளர் பெயர்களெல்லாம் டைட்டில் கார்டிலேயே இருக்கின்றன. அங்கிருந்து பார்த்து எழுதுங்கள்.