ஜவ்வாது மலைக்கு வழி

நம் நாட்டில் ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்களில் பலர் காவேரிக் கரையை நாடிச் செல்கிறார்கள். தஞ்சையும் கும்பகோணமும் ஸ்ரீரங்கமும் பல நூற்றாண்டுகளாக யாத்ரீகர்களை வரவேற்றுப் பழகிய ஊர்கள். ஆனால் சில வருஷங்களாக வடக்கேயுள்ள ஜவ்வாது மலைக்கும் பிரயாணிகள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மோட்டார் வண்டிகளில் வருகிறார்கள். பீமன் அருவியில் நீராடுகிறார்கள். கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். மாலையில் தேன் புட்டியுடன் மலை இறங்குகிறார்கள். சர்க்காரும் ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடத்தி ஜனங்களை அழைத்து வந்திருக்கிறது. இவற்றை நாம் ஆட்சேபிக்கவில்லை. தன் தேசத்தைத் தன் கண்ணால் பார்ப்பதும் தேசபக்தியின் ஒரு பகுதியே. ஆனால் சர்க்காரை நாம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். மலையைப் பார்க்க வருகிறவனுக்கு வழி இருக்கிறது. அந்த மலையிலேயே பிறந்தவனுக்கு வழி எங்கே?

இது வெறும் வாதத்திற்காகக் கேட்கும் கேள்வியன்று. 2023ஆம் வருஷம் மே மாதத்தில், வேலூர் ஜில்லாவில் இம்மலைத் தொடரைச் சேர்ந்த அல்லேரியில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டிற்று. சரியான பாதை இல்லாத காரணத்தால் காலத்தில் வைத்தியசாலை சேர முடியாமல் அக்குழந்தை உயிரிழந்தது. துயரம் அதனுடனும் முடியவில்லை. பரிசோதனை முடிந்து உடலை ஏற்றி வந்த வண்டி ஊர் வரை செல்ல முடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்ற தாய் தன் குழந்தையின் சடலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். அதன் பிறகுதான் அதிகாரிகள் மலை ஏறினார்கள். பாதை பற்றிய வாக்குறுதிகளும் பிறந்தன. ஒரு பாதைக்கு ஒரு குழந்தை என்ற விலை எந்த நாகரிக சர்க்காரின் கணக்கிலும் இருக்கலாகாது.

வழி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு நமக்குப் பழந்தமிழிலேயே ஆதாரம் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்றது. பெருங்கௌசிகனார் பாடிய அந்த நூல், நன்னனுடைய செங்கண்மா நகருக்குக் கூத்தர்களை வழிகாட்டி அனுப்புகிறது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் தெற்கே அமைந்த ஊர். அந்நூல் குறிப்பிடும் சேயாறு இம்மலையில் பிறந்து வரும் செய்யாறே. எங்கே பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாம்பு கிடக்கும், எந்தக் குடியில் விருந்து கிடைக்கும் என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வழியில் நிற்கும் நடுகற்களையும் காட்டுகிறார். செங்கத்தைச் சுற்றி நம் காலத்தில் கண்டெடுக்கப்பட்ட பல்லவர் கால நடுகற்கள் உலகறிந்தவை. பிரயாணிகளுக்கான வழிகாட்டி நூல் என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று என்று நாம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பழைய வழிகாட்டியில் மலைக்குடிகள் விருந்தோம்புகிறவர்களாக, வீட்டுக்கு உடையவர்களாக நிற்கிறார்கள். நம் காலத்து விளம்பரங்களில் அருவியும் ஏரியும் இருக்கின்றன, மனிதரைக் காணோம்.

பார்க்கத் தக்கவை அங்கே குறைவில்லை. கீழ்செப்பிலியில் குள்ளர் வீடுகள் என்று ஜனங்கள் சொல்லும் கல்திட்டைகள் உண்டு; அவை இறந்தோருக்காக முன்னோர் எழுப்பிய ஈமச் சின்னங்கள். அமிர்தியில் காட்டுப் பூங்கா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காவலூர் இருக்கிறது. வான நூல் அறிஞர் வைணு பாப்பு, வட வானத்தையும் தென் வானத்தையும் ஒருங்கே பார்க்கத்தக்க இடம் தேடி, வாணியம்பாடிக்குத் தெற்கே இம்மலைக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 1968ஆம் வருஷம் ஒரு சிறிய தூரதிருஷ்டிக் கண்ணாடியுடன் அங்கே வேலை தொடங்கிற்று. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதை 1977ஆம் வருஷம் உலகம் அறிந்தபோது, அதற்கான சான்றில் ஒரு பங்கு காவலூரிலிருந்தும் சென்றது. நம்மவரே திட்டமிட்டு, பெங்களூரில் ஆடியைத் தேய்த்து, உள்நாட்டில் உருவாக்கிய 2.34 மீட்டர் கண்ணாடியை 1986ஆம் வருஷம் ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, 1982இல் காலமாகிவிட்ட வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். முப்பது வருஷ காலம் இந்தியாவில் அதைவிடப் பெரியது இல்லை. சுதேசியத்தின் வெற்றிக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

இந்தக் காவலூருக்கு முதலாவது தேவை இருட்டு. மலை முழுவதும் விடுதிகளும் மின்சார விளக்குகளும் பெருகினால், நட்சத்திரம் பார்க்க வந்தவன் விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே எந்தக் காட்சிக்காக ஜனங்களை அழைக்கிறோமோ, அந்தக் காட்சியையே அழைப்பு அழித்துவிடக் கூடும். இது வானத்திற்கு மட்டுமன்று, அருவிக்கும் கல்திட்டைக்கும் பொருந்தும்.

இனி மலைக்குடிகளின் நிலைமையைப் பார்ப்போம். அவர்கள் மலையாளிகள் எனப்படுவோர். கேரள தேசத்தாரல்லர், தமிழ் பேசுகிறவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லுகிறார்கள். சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். தேனும் புளியும் பலாவும் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். இவை போதாமல் கூலிக்கு மலை இறங்குகிறார்கள். அந்தக் கூலியின் பயங்கரத்தை 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி கண்டோம். சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழர் 20 பேர் மாண்டனர். ஜவ்வாது மலையினரும் அவர்களில் இருந்தனர். மரம் வெட்டச் சொன்ன முதலாளி எவனும் அன்று சுடப்படவில்லை. சொந்த மலையில் கௌரவமான ஜீவனம் கிடைக்குமானால், அயல் காட்டில் உயிரைப் பணயம் வைக்க யார் போவார்?

ஆகவே பிரயாணிகளின் வரவு மலையினருக்கு ஜீவனமாக மாற வேண்டும். இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன. பிரயாணிகள் பெருகினால் பாதைகள் தாமே வந்துவிடும் என்பது ஒன்று. நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரயாணிக்காகப் போடும் பாதை அருவி வரை போகும். அருவிக்கு அப்பாலுள்ள சிற்றூருக்குப் போகாது. பாதை போட்டால் காடு அழியும், வனச் சட்டம் இடம் தராது என்பது மற்றொன்று. சட்டம் என்ன சொல்கிறது? 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவைப் படித்துப் பார்க்கட்டும். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, குடிநீர், பாதை முதலிய பொதுக் காரியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் சிபாரிசின்மேல் ஒதுக்கலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. காட்டைக் காப்பாற்றும் வரம்பும் அதிலேயே இருக்கிறது. குறைவது சட்டமன்று, உத்தியோகஸ்தரின் மனம்.

இன்னொரு தடையையும் சொல்லவேண்டும். மலை ஒன்று, அதை ஆளும் ஜில்லாக்கள் மூன்று. 2019ஆம் வருஷம் திருப்பத்தூர் ஜில்லா பிரிந்த பிறகு, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று கலெக்டர்களின் எல்லைகள் இம்மலையில் சந்திக்கின்றன. ஒரு ஜில்லாவின் பாதை மற்றொரு ஜில்லாவின் எல்லையில் நின்றுவிடுமானால், நோயாளி எந்தக் கலெக்டரிடம் முறையிடுவான்?

சர்க்காருக்கு நாம் கூறுவது இதுதான். முதலாவது, மலையில் பிரயாணிகளுக்காக ஒரு ரூபாய் செலவிடுமுன், பாதையில்லாத சிற்றூர்களின் ஜாபிதாவைப் பகிரங்கமாக வெளியிட்டு, எந்தப் பாதை எந்த மாதம் முடியும் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, மூன்று ஜில்லாக்களுக்கும் பொதுவாக, மலையினரின் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக உள்ள ஒரு சபை அமைக்க வேண்டும். மூன்றாவது, நுழைவுக் கட்டணத்திலும் படகுக் கட்டணத்திலும் ஒரு நிச்சயமான பங்கு கிராம சபைகளைச் சேர வேண்டும். வழிகாட்டிகளும் விடுதி நடத்துவோரும் மலையினராகவே இருக்க வேண்டும். நான்காவது, காவலூரைச் சுற்றி வானை நோக்கி ஒளி வீசும் விளக்குகளைத் தடுக்க வேண்டும். கல்திட்டைகளுக்கு வேலியும் காவலும் வேண்டும்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜவ்வாது மலைக்குப் போங்கள், அவசியம் போங்கள். ஆனால் அருவியில் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பஸ் நிற்கும் இடத்திற்கு அப்பால் ஒரு சிற்றூர் வரை நடந்து பாருங்கள். அங்கே ஒரு வீட்டில் சாமைச் சோறு விலை கொடுத்து உண்ணுங்கள். அருகிலுள்ள வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கேட்ட பதிலைச் சட்டசபை அங்கத்தினருக்கு எழுதுங்கள். தேர்தல் காலத்தில் அதையே மேடையில் கேளுங்கள். ஈராயிரம் வருஷங்களுக்கு முன் மலைக்குடிகள் நம் கூத்தருக்கு வழிகாட்டிச் சோறிட்டார்கள். அந்தக் கடனைத் தீர்க்க, அவர்கள் வீட்டு வாசல் வரை ஒரு பாதை போட்டுக் கொடுப்பது பெரிய காரியமா?