யாத்ரீகர் வேஷத்தில் ஒரு ஜியாலஜிஸ்ட்!

'ஜியாலஜியா? பாஸ் மார்க் போதும்டா சாமி!' என்று ஓடுகிற சிவில் பசங்களில் நானும் ஒருத்தன். அகஸ்டோ கன்சர் பற்றிப் படிக்கும் வரை!

1936. ஸ்விட்சர்லாந்துக்காரரான கன்சருக்கு அப்போது வயசு 25. இமயமலையை ஆராய வந்தவருக்குத் திபெத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? யாத்ரீகர் வேஷம் போட்டுக்கொண்டு, கயிலாயத்துக்கே போய்விட்டார்!

கயிலாயத்துக்குத் தெற்கே அவர் கண்ணில் பட்டவை, கடலடியில் உருவாகும் பாறைகள். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே அதுக்கு என்ன வேலை? 1960-களின் கடைசியில் 'பிளேட் டெக்டானிக்ஸ்' கொள்கை வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன்பு இந்தியத் தட்டு ஆசியா மீது மோத, நடுவில் இருந்த டெதிஸ் கடல் காணாமலே போச்சு. கன்சர் நடந்தது, இரண்டு நிலங்களும் ஒட்டிக்கொண்ட தையல் மேலே!

1958-ல் சூரிச்சில் புரொஃபசரான கன்சர், 2012-ல் தன் 101-வது வயதில் காலமானார். அந்த மோதல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. வருஷத்துக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் இமயமலை நெருக்கப்படுகிறது. சேர்ந்த அழுத்தம் சட்டென விடுபட்டால் பூகம்பம். 2015-ல் நேபாளத்தில் சுமார் 9,000 உயிர்கள் போனது அப்படித்தான். பலரும் இறந்தது இடிந்த கட்டடங்களுக்கு அடியில்.

நாளைக்குக் கட்டடம் கட்டப் போறது நாமதான். காலுக்குக் கீழே என்ன நடக்குதுன்னு தெரியாம, வெறும் பாஸ் மார்க் போதுமா பாஸ்?