பெட்டி கேட்குமா பிள்ளையின் குறையை?

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும். காரில் போகிறவருக்கு அது காட்சி. பாத்தியில் காலூன்றி உப்பு வாருகிறவருக்கு அதுவே வயிற்றுப்பாடு. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அந்த வயிற்றுப்பாடும் நின்று போகும். கையில் காசில்லாத அந்த மாதங்களில் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. கடன், கோபம், சாராயம், அடி! இத்தனையையும் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது ஒரு பிள்ளை. மறுநாள் காலையில் அதே பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்குப் போட வேண்டும்.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடும்பங்களைச் சூறையாடிற்று. விழுப்புரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது. செத்தவருக்குக் கணக்கு எடுத்தார்கள். நிவாரணத்துக்குப் பட்டியல் போட்டார்கள். பிள்ளைகளின் மனத்தில் விழுந்த காயத்துக்கு எந்தத் தாலுகா ஆபீசில் கணக்கு இருக்கிறது?

சர்க்காரின் மருந்து

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. சுமார் 10 ஆண்டுகளுக்கு முன், 32 மாவட்டங்கள் இருந்தபோது, பள்ளி மாணவருக்கு மனநல ஆலோசனை சொல்ல 10 நடமாடும் வண்டிகள் விடப்பட்டன. 2018-இல் 14417 என்ற டெலிபோன் எண் வந்தது. பின்னர், பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டி வைக்கப்பட்டது. குறையிருந்தால் எழுதிப் போடலாம்!

நல்லது. ஆனால் கணக்குப் பார்ப்போம். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மட்டுமே 6,000-க்கு மேல் உண்டு. வண்டி ஒன்றுக்கு 600 பள்ளிகள். ஆண்டுக்கு 200 வேலை நாள், நாளுக்கு ஒரு பள்ளி என்று ஓடினாலும், ஒரு பள்ளிக்கு ஒரு முறை வந்துபோக 3 ஆண்டுகள் ஆகும். ஒன்பதாம் வகுப்பில் அழுத பிள்ளை, வண்டி வருவதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும்!

பெட்டிக்கு வாய் உண்டு, காது இல்லை. காது வேண்டுமானால் ஆள் வேண்டும். படித்த, பயிற்சி பெற்ற, அந்தப் பள்ளியிலேயே நாள்தோறும் இருக்கிற ஆள் வேண்டும்.

2025 ஜூலை 25-இல் சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் சொன்னது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், தகுதி பெற்ற ஆலோசகரையோ, உளவியலரையோ, சமூகப் பணியாளரையோ நியமித்தாக வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆளுக்கு என்ன சம்பளம்? நிரந்தர வேலையா, ஒப்பந்தக் கூலியா? விடை வேண்டிய கேள்வி இதுதான்.

பழைய பாடம்

விடை சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பாடம் இருக்கிறது. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர் முதலியவற்றைச் சொல்லித்தர 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் ஆசிரியன் வீட்டு அடுப்பு எரியாதோ? ஆட்சிகள் மாறின. போராட்டத்துக்கு மேல் போராட்டம் நடத்தி, 12 ஆண்டு கழித்து, 2024-இல் அந்த ஊதியம் 12,500 ரூபாயை எட்டியது.

இதற்கிடையே, சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உரியது என்று 2016 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. ஊழியர் ரோட்டில் இருந்தார்கள்.

மத்திய சர்க்காரோ தன் பங்குக்கு வேறு வேலை செய்தது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-இல் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. டில்லிக்கும் சென்னைக்கும் வழக்கு என்றால் முதலில் பட்டினி கிடப்பவர் யார்? திட்டப் பணத்தில் சம்பளம் வாங்குகிற தற்காலிக ஊழியரே!

யார் பயப்படுவது?

தோழர்களே, 'உப்பளக் கூலியே ஒழுங்காக இல்லை, சட்டை கசங்காத உத்தியோகஸ்தருக்கு நாம் ஏன் கொடி பிடிக்க வேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்கிறோம்.

ஒரு பெண் குழந்தை, தனக்கு ஒருவன் இழைத்த கொடுமையை ஆலோசகரிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் அதைப் போலீசுக்குத் தெரிவித்தே தீர வேண்டும். குற்றவாளி ஊர்ப் பெரிய மனிதராக இருக்கலாம். அந்தப் பள்ளியிலேயே செல்வாக்குள்ளவராக இருக்கலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கை யாருடையதோ, அந்தக் கைக்கு எதிராகவே ஆலோசகர் எழுத வேண்டி வரலாம். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், வாடகை வீட்டில் இருப்பவர், வயதான தாயை வைத்துக் காப்பாற்றுகிறவர் என்ன செய்வார்? எழுதுகிற தைரியசாலிகள் உண்டு. ஆனால் ஒரு குழந்தையின் பாதுகாப்பைத் தனிமனிதரின் தைரியத்தில் அடகு வைக்கலாமா?

அப்படியானால் வேலை நிரந்தரம் என்பது யாருக்குக் கேடயம்? ஊழியருக்கு மட்டுமல்ல, நம் பிள்ளைக்கும்தான். இன்னொன்றும் உண்டு. மனத்தைத் திறக்கப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகும். திறந்த வேளையில் ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டால், அடுத்து வருகிறவரிடம் அது மறுபடி வாய் திறக்குமா?

எனவே சம்பளக் கோரிக்கை வேறு, பிள்ளை நலன் வேறு என்று பிரிப்பது முதலாளி புத்தி. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 30,000-க்கு மேற்பட்ட ஆசிரியர்கள் 6 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதிய உயர்வை மட்டுமா கேட்டார்கள்? பள்ளிதோறும் நர்ஸ், 500 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்றும் கேட்டார்கள். கொட்டும் மழையில் பெற்றோரும் கூட நின்றார்கள். வென்றார்கள்.

நமது கோரிக்கை

ஆலோசகர் பதவி கல்வி இலாகாவின் நிரந்தரப் பதவியாக வேண்டும். சமத் தகுதியுள்ள ஆசிரியருக்குரிய ஊதிய விகிதம், 12 மாதச் சம்பளம், பிரசவ விடுப்பு வேண்டும். ஒருவர் தலையில் ஊர்ப் பள்ளிகளையெல்லாம் கட்டக் கூடாது. கதவு சாத்திப் பேச ஓர் அறை வேண்டும். புள்ளிவிவரம் ஏற்றும் வேலைக்கும் தேர்தல் வேலைக்கும் அவரை இழுக்கக் கூடாது. உண்மையை எழுதியதற்காக அவர் பழிவாங்கப்படக் கூடாது. சங்கம் சேரும் உரிமை வேண்டும்.

ஆசிரியர் சங்கங்கள் இதைத் தமது கோரிக்கைப் பட்டியலில் ஏற்ற வேண்டும். நமது கிளைகள் சும்மா இருக்கலாகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே தீர்மானம் போடுங்கள். சுற்றுக் கிராமங்களில் கிராமசபை கூடும்போது எழுந்து கேளுங்கள். கோட்டக்குப்பம் 2021 முதல் நகராட்சி. கவுன்சிலரைக் கேளுங்கள்: 'எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் எங்கே?'

கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி. அங்கே 1936 ஜூலை 30-இல் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு 12 மில் தொழிலாளர் மார்பு காட்டினார்கள். எட்டு மணி நேர வேலை என்பது பேராசை என்றுதான் அன்றும் சொன்னார்கள். இன்று அது சட்டம். இதையும் பேராசை என்பார்கள். சொல்லட்டும். பிள்ளையின் குறையைப் பெட்டியில் போட்டுப் பூட்ட நாம் சம்மதியோம்!