முடிக்குரிய காணியும் முடியாத வறுமையும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், மகாவலியின் கிளையொன்று கடலொடு கலக்குமிடத்தில் உள்ளது வெருகல். ஆறு உண்டு, வயலுக்கேற்ற மண் உண்டு, வறுமையும் உண்டு. மக்களின் சோம்பலே காரணம் என்பர் ஒரு சாரார். இக்கூற்று மறுப்பதற்கும் தகுதியற்றது. வெள்ளையன் விட்டுச்சென்ற வினையே என்பர் மறுசாரார். அது பாதி உண்மை; ஆதலின் ஆராயத்தக்கது.

பழைய நிறுவனங்களே நாடுகளின் இன்றைய செல்வத்தையும் வறுமையையும் பெரிதும் வகுக்கின்றன என்று காட்டிய அசெமோக்லு, ஜோன்சன், ரொபின்சன் ஆகிய மூவரும் 2024இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றனர். வெருகற் கரை அவர்தம் கோட்பாட்டிற்குத் தக்க சான்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியவை என்றது. பல்லாண்டு இடைவிட்டுப் பயிரிடும் சேனையையும் அவ்வாறே கொண்டது. சேனையும் வேட்டையும் தேனெடுப்பும் வாழ்வாகக் கொண்ட இக்கரையோர வேடர் எந்த உறுதியைக் காட்டி மறுத்திருப்பர்? உழுதவன் சான்று காட்டல் வேண்டும். அரசுக்கோ சான்றே வேண்டா. வழக்கு எழுமுன்னரே தீர்ப்பெழுதிய சட்டம் இது.

ஆனால் சட்டம் தானாக வாழ்வதில்லை, வாழ்விக்கப்படுகின்றது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியபோது காணி அமைச்சராய் இருந்தவர் டி. எஸ். சேனநாயக்க. குடியானவனுக்கு அது வழங்கியது உறுதியன்று, அனுமதிப்பத்திரம். அந்நிலத்தை அனுமதியின்றி விற்றலாகாது. குறித்த சில நிறுவனங்களுக்கன்றி ஈடுவைத்தலுமாகாது. வாரிசுரிமையில் ஆணுக்களித்த முதன்மை 2022இலேயே நீங்கிற்று. 1948இல் சுதந்திரம் வந்தது. பின்னர் முடியும் போயிற்று. முடிக்குரிய காணி அரச காணியாயிற்று. மாறியது பெயரே.

உறுதி கொடுத்தால் ஏழை விற்றுவிடுவான் என்று அரசினர் அஞ்சுவர். விற்பவனைக் காக்கும் இவ்வக்கறை, விதைநெல்லுக்கு முதலின்றி நிற்பவனை ஏன் காக்கவில்லை? வங்கி தயங்குகின்றது, வட்டிக்காரன் தயங்குவதில்லை. அறுவடைக்கு முன்னரே நெல்லுக்கு அவன் விலை பேசிவிடுகின்றான்.

2006இன் போரில் வெருகல் மக்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். இருந்த பத்திரங்களையும் தொலைத்து மீண்டோர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேர். ஆளின்றிக் கிடந்த வயலிற் காடு மண்டிற்று. காடு மண்டிய இடத்தில் வன இலாகா எல்லைக்கல் நட்டது. திரும்பியவன் எதிர்கொண்டது 1840இன் அதே வினா: சான்று எங்கே?

அவ்வினாவைக் கேட்பவன் இலண்டனில் இல்லை. காணி தனது என்பதை அரசே நிறுவுக என்று ஒரு வாசகத்தைத் திருத்தக் கொழும்பிலுள்ளார்க்கு இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?